ஆஸ்துமா உள்ளவர்கள் காபி அருந்தலாமா?

ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்களைப் பராமரிப்போரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் காபி பற்றியதும் ஒன்று. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அது இரு விதமாக எழுகிறது. "காபி ஆகாது என்கிறார்கள், நிறுத்திவிட வேண்டுமா?" என்று சிலர் கேட்கின்றனர். "மூச்சிரைப்பு வரும்போது கடுங்காபி குடித்தால் நெஞ்சு சற்று இளகுகிறது, அதையே மருந்தாக வைத்துக்கொள்ளலாமா?" என்று வேறு சிலர் கேட்கின்றனர். முதல் கேள்விக்கான விடை எளிது. இரண்டாவது கேள்விக்குத் தவறான விடையைப் பின்பற்றினால் அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே இரண்டையும் இங்கே விரிவாக விளக்குகிறோம்.

முக்கியக் குறிப்புகள்

• ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் பெரும்பாலோர் அளவோடு காபி அருந்தலாம்.
• காபியில் உள்ள காஃபீன் மூச்சுக்குழாயைச் சிறிதளவு விரிக்கிறது. ஆனால் அந்த விளைவு மெதுவானது, வலுக் குறைந்தது.
• மூச்சிரைப்பு வரும்போது காபி அருந்திவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதலில் எடுக்க வேண்டியது நிவாரண இன்ஹேலர்.
• தியோபிலின் வகை மாத்திரை உட்கொள்வோர் தாம் அருந்தும் காபி, தேநீர் அளவை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
• நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக்கு முன் குறைந்தது 4 மணி நேரம் காபி, தேநீர் அருந்துவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்கு நேர்வது என்ன?

ஆஸ்துமா என்னும் ஈளை நோயில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து, எஞ்சியிருக்கும் வழியையும் அடைக்கிறது. இதனால் காற்று உள்ளே செல்வதைவிட வெளியே வருவது கடினமாகி, மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது.

இம்மூன்றில் தசை இறுக்கம் சில நிமிடங்களில் ஏற்படக்கூடியது. உரிய மருந்தால் சில நிமிடங்களில் தளரவும் கூடியது. அழற்சி அவ்வாறன்று. மூச்சிரைப்பு இல்லாத நாள்களிலும் அது உள்ளே இருந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை மருந்துகள் தேவைப்படுகின்றன. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் நிவாரண மருந்து ஒன்று. அழற்சியை அடக்கும் தடுப்பு மருந்து மற்றொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், காபியால் ஆவது எது, ஆகாதது எது என்பது எளிதில் விளங்கும்.

காபிக்கும் ஆஸ்துமா மருந்துக்கும் உள்ள உறவு

காபி குடித்தால் மூச்சு இளகுகிறது என்பது வெறும் நம்பிக்கையன்று. இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர், தாமே ஆஸ்துமாவால் துன்புற்றவர். 1860-இல் வெளியான தமது ஆஸ்துமா நூலில், கடுங்காபியை அக்காலத்தில் நற்பெயர் பெற்றிருந்த நிவாரணங்களுள் ஒன்றாக அவர் பதிவு செய்தார். அன்று வேறு நல்ல மருந்து இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அளவிட்டு வெளியிடும் இன்ஹேலர் 1956-இலும், சால்பூட்டமால் 1969-இலும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972-இலும்தான் பயன்பாட்டுக்கு வந்தன.

காஃபீன், மெத்தில்சாந்தின் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்துமாவுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் தியோபிலினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. 1888-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசெல், தேயிலையிலிருந்து தியோபிலினைப் பிரித்தெடுத்தார். நாம் அருந்தும் காஃபீனில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரலே தியோபிலினாக மாற்றுகிறது. மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கத் தூண்டும் அடினோசின் என்னும் பொருளின் செயலையும் இவ்விரண்டும் தடுக்கின்றன. எனவே காபியை, பழைய ஆஸ்துமா மருந்து ஒன்றின் வலுக்குறைந்த உறவினர் என்று கருதலாம்.

காபி எந்த அளவுக்கு உதவுகிறது?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் கூட்டமைப்பு, ஆஸ்துமாவும் காஃபீனும் பற்றிய தன் மதிப்பாய்வை 2010-இல் புதுப்பித்தது. அதில் 7 ஆய்வுகள் இடம்பெற்றன. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 75 பேர். லேசானது முதல் மிதமானது வரையிலான ஆஸ்துமா உடையவர்கள். காஃபீன், குறைந்த அளவில்கூட, மூச்சுக்குழாய்களின் செயல்திறனைச் சிறிதளவு உயர்த்துகிறது என்றும், அவ்விளைவு 4 மணி நேரம் வரை நீடிக்கலாம் என்றும் அம்மதிப்பாய்வு கூறுகிறது.

அங்கே "குறைந்த அளவு" என்பது, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு உட்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 300 மில்லிகிராம் வரை வரும்.

1984-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ள இளம் வயதினருக்குக் காஃபீனும் தியோபிலினும் கொடுத்து ஒப்பிடப்பட்டன. அதில் காஃபீனின் பயன் தியோபிலினுக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆனால் அதற்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் காஃபீன் கொடுக்க வேண்டியிருந்தது. 60 கிலோ எடைக்கு அது 600 மில்லிகிராம், அதாவது ஆறு கோப்பை கெட்டி டிக்காஷன் காபி. ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவைப்போல் அது இரு மடங்கு. அவ்வளவையும் ஒரே நேரத்தில் அருந்தினால் படபடப்பு, கைநடுக்கம், குமட்டல் ஆகியவை ஏற்படும். மூச்சுக்காகத் தவிக்கும் ஒருவருக்கு இவை கூடுதல் துன்பமாகும்.

மூச்சிரைப்பின்போது காபி ஏன் போதாது?

முதற்காரணம், நேரம். காபி அருந்தியபின் இரத்தத்தில் காஃபீன் உச்ச அளவை எட்ட 30 முதல் 60 நிமிடங்கள் ஆகலாம். சரியான முறையில் உறிஞ்சப்பட்ட சால்பூட்டமால் ஏறக்குறைய 5 நிமிடங்களில் செயல்படத் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம், அளவு. ஒரு குவளைக் காபியில் உள்ள காஃபீன் தரும் விரிவு, கடுமையான இறுக்கத்தைத் தளர்த்தப் போதுமானதன்று.

மூன்றாவதாக, அழற்சியை அடக்கும் ஆற்றல் காபிக்கு இல்லை. நெஞ்சு சற்று இளகியதுபோல் தோன்றினாலும் உட்சுவரின் வீக்கமும் சளி அடைப்பும் அப்படியே இருக்கும். நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதே பாதுகாப்பானதன்று என்பதால், ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்ற மருந்தைத் தனித்துக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு கலந்த உள்ளிழுப்பு மருந்தும் வேண்டும் என்கிறது. நிவாரண இன்ஹேலருக்கே இந்நிலை என்றால், அதைவிட வலுக்குறைந்த காபியைத் தனி மருந்தாக நம்புவது எப்படிப் பொருந்தும்?

இரவில் மூச்சுத் திணறலுடன் ஒருவரை அழைத்துவரும் உறவினரிடம், "எப்போது தொடங்கியது?" என்று கேட்போம். "சாயங்காலமே லேசாக இருந்தது, கடுங்காபி கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை" என்பது நாங்கள் பலமுறை கேட்டுள்ள பதில். காபி கொடுத்தது குற்றமன்று. அதைக் கொடுத்துவிட்டு, பலன் தெரியட்டும் என்று காத்திருந்த மணி நேரங்களே ஆபத்தானவை. கிராமத்திலிருந்து வண்டி பிடித்து மருத்துவமனை வந்து சேரவும் நேரம் ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கடும் ஆஸ்துமாவில் ஒவ்வொரு அரை மணி நேரமும் கணக்கில் வரும்.

நாம் அருந்தும் பானங்களில் காஃபீன் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், 150 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றுக்குப் பின்வரும் அளவுகளைத் தருகின்றன:

• வடித்த காபி: 80 முதல் 120 மில்லிகிராம்
• உடனடிக் காபித்தூளில் கலந்த காபி: 50 முதல் 65 மில்லிகிராம்
• தேநீர்: 30 முதல் 65 மில்லிகிராம்

எல்லாவற்றையும் சேர்த்து நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது அவ்வழிகாட்டுதலின் அறிவுரை.

தேநீர்க் கடைக் குவளையின் அளவு 100 மில்லிலிட்டர் என்று கொண்டால், உடனடிக் காபியில் ஏறத்தாழ 33 முதல் 43 மில்லிகிராம் காஃபீனே இருக்கும். வீட்டு டிக்காஷன் காபியிலும் பால் கூடினால் காஃபீன் குறையும். கடையில் வாங்கும் பொடியில் சிக்கரி கலந்திருந்தால் இன்னும் குறையும். சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபீன் இல்லை. காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது மீதி 49 விழுக்காடு வரை சிக்கரியாக இருக்கலாம். ஒரே நிறமும் கசப்பும் உள்ள இரு குவளைகளில் காஃபீன் அளவு பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே காரணம். மாத்திரையைப் போல் அளவு உறுதி செய்யப்படாத ஒன்றை மருந்தாகக் கொள்ள இயலாது.

சுக்குக் காபியைப் பற்றித் தனியே கூற வேண்டும். சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி ஆகியவற்றைக் கொதிக்க வைத்துத் தயாரிக்கும் சுக்குக் காபியில், காபித்தூள் சேர்க்காதவரை காஃபீன் இல்லை. பெயரில் மட்டுமே காபி உண்டு. சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கலாம், விரும்பினால் அருந்தலாம். ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருப்பட்டிக் காபியில் காபித்தூள் சேர்த்தால் அத்தூளுக்குரிய காஃபீன் இருக்கும். கருப்பட்டியால் அது கூடுவதில்லை. நீரிழிவும் உள்ளவர்கள், கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறக்கலாகாது.

தியோபிலின் வகை மாத்திரை உட்கொள்வோர் கவனத்திற்கு

தியோபிலின், எட்டோபிலின், டாக்சோபிலின், அசெப்ரோபிலின் ஆகிய பெயர்களில் ஏதேனும் உங்கள் மருந்துச் சீட்டிலோ மாத்திரை அட்டையிலோ உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் இப்பகுதி உங்களுக்கு மிக முக்கியமானது.

தியோபிலினில், பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவு. காஃபீனையும் தியோபிலினையும் கல்லீரல் ஒரே நொதியைக் கொண்டு சிதைக்கிறது. காபி மிகும்போது தியோபிலின் வெளியேறுவது தாமதப்படும். இரண்டின் பக்கவிளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். குமட்டல், வாந்தி, படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இதயத் துடிப்பு தாறுமாறாவதும் வலிப்பும் கடுமையான நச்சு நிலையின் அறிகுறிகள். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தகையோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

• காபி, தேநீரை மருத்துவர் கூறும் அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் அளவைப் பெரிதாக மாற்றாதீர்கள்.
• சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் இரத்தத்தில் தியோபிலின் அளவை உயர்த்தும். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ வேறு மருத்துவரிடம் சென்றால், ஆஸ்துமா மாத்திரைகளைத் தவறாமல் காட்டுங்கள்.
• புகைபிடிப்போரின் உடலில் தியோபிலின் விரைவாகச் சிதைகிறது. புகைப்பழக்கத்தை விட்டவுடன் அதன் அளவு உயரக்கூடும். பழக்கத்தை விடுவது மிக நல்லது. விட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• ஒரு வேளை மாத்திரை விடுபட்டால், அதற்கு ஈடாகக் காபி அருந்தாதீர்கள்.

பரிசோதனைக்கு வரும் நாளில்

நோயின் நிலையை அறியச் செய்யப்படும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், நீங்கள் ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை, எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறீர்கள் என்பது அளக்கப்படுகிறது. அதற்குமுன் அருந்திய காபி மூச்சுக்குழாய்களைச் சிறிது விரித்திருந்தால், உண்மை நிலையைவிட நல்ல முடிவு கிடைக்கும். அதை நம்பி மருந்தின் அளவு குறைவாக நிர்ணயிக்கப்படலாம். ஆகவே பரிசோதனைக்குக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, தேநீர், கோலா பானங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காலையில் பரிசோதனை என்றால் பேருந்து நிலையத்தில் அருந்தும் தேநீருக்கும் இது பொருந்தும். மறந்து அருந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்தையோ நாளையோ மாற்றிக்கொள்ளலாம். இன்ஹேலரை நிறுத்த வேண்டுமா, எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

காபியைக் குறைக்க வேண்டியவர்கள் யார்?

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்கள்: சிலருக்குக் காபி இரைப்பை அமிலம் மேலேறுவதைத் தூண்டும். அவ்வாறு மேலேறும் அமிலம் இருமலையும் இரவு நேர மூச்சிரைப்பையும் மிகுதியாக்கும். காபி அருந்தியபின் இவ்வறிகுறிகள் கூடுகின்றனவா என்று இரண்டு வாரங்கள் கவனியுங்கள்.

இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள்: சால்பூட்டமாலும் படபடப்பையும் நடுக்கத்தையும் ஏற்படுத்தும். அதனுடன் காஃபீனும் சேர்ந்தால் அவை மிகும்.

கருவுற்ற தாய்மார்கள்: நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கொள்வோர் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் கருவுற்ற காலத்தில் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் உயிர்வளி குறையும்.

குழந்தைகள்: மூச்சிரைப்புக்கென்று குழந்தைகளுக்குக் கடுங்காபி கொடுக்கவே கூடாது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கோப்பைக் கெட்டிக் காபியே கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

இரத்தசோகை உள்ளவர்கள்: காபி, தேநீரில் உள்ள டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

காபியைத் திடீரென முற்றிலும் நிறுத்தினால் இரண்டொரு நாள் தலைவலியும் சோர்வும் ஏற்படலாம். எனவே படிப்படியாகக் குறையுங்கள்.

மூச்சிரைப்பு வந்தால் செய்ய வேண்டியவை

மருத்துவர் உங்களுக்கென எழுதித் தந்த செயல்திட்டம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையெனில்:

1. நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள்.
2. சால்பூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் குழலுடன் இணைத்து, ஒவ்வொரு முறையாக 4 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு 4 மூச்சுகள் உள்ளிழுக்க வேண்டும்.
3. 4 நிமிடங்கள் காத்திருங்கள். குறையவில்லையெனில் மீண்டும் 4 முறை கொடுங்கள்.
4. அப்போதும் குறையவில்லையெனில் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இன்ஹேலரைத் தொடருங்கள்.

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும், காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்:

• ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை
• உதடு, நகம் நீலம் பாய்தல்
• மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல்
• மயக்கம், குழப்பம் அல்லது மிகுந்த சோர்வு
• இரைப்பு ஒலி அடங்கியும் திணறல் குறையாமை. இது குணமாவதன் அறிகுறியன்று. காற்றே உள்ளே செல்லவில்லை என்பதன் அறிகுறி.

இன்ஹேலர் கைவசம் இல்லாதபோது என்ன செய்வது? முதலில் 108-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூச்சுத் திணறும் நிலையில் எதையும் குடிக்க வற்புறுத்துவது புரையேறுவதற்கு வழி வகுக்கும். நன்கு பேசவும் விழுங்கவும் இயலும் ஒருவர் வழியில் காபி அருந்தினால் பெரும் தீங்கில்லை. ஆனால் காபி காய்ச்சுவதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் சேர்த்த காபி சளியைப் பெருக்குமா?
பால் ஒவ்வாமை உள்ள சிலரைத் தவிர, பெரும்பாலான ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பால் மூச்சிரைப்பைத் தூண்டுவதில்லை. பால் அருந்தியபின் தொண்டையில் உணரப்படும் வழவழப்பு, நுரையீரலில் சுரந்த சளியன்று.

தினமும் காபி அருந்துவதால் தடுப்பு இன்ஹேலரைக் குறைக்கலாமா?
கூடாது. தடுப்பு இன்ஹேலர் செய்யும் பணியைக் காபி செய்வதில்லை. சில வாரங்கள் மூச்சிரைப்பு இல்லாதிருப்பது, பெரும்பாலும் அந்த இன்ஹேலர் சரியாக வேலை செய்வதால்தான்.

இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாதாமே?
இன்ஹேலர் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. மருந்து நேரடியாக நுரையீரலுக்குச் செல்வதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதுமானது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப்பின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

இன்ஹேலருக்குச் செலவு ஆகுமே?
சால்பூட்டமால், புடெசோனைடு ஆகிய இரண்டும் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன. அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

நிறைவாக

உங்கள் காலைக் காபியை நாங்கள் பறிக்க விரும்பவில்லை. ஆஸ்துமாவைத் தூண்டுபவை பெரும்பாலும் வேறு: விசைத்தறிக் கூடங்களில் பறக்கும் பஞ்சுத் தூசி, விறகடுப்புப் புகை, கொசுவத்திச் சுருள், ஆடிக் காற்று கிளப்பும் புழுதி, சளிக் காய்ச்சல். இவற்றை இயன்றவரை தவிர்ப்பதும், தடுப்பு இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்துவதுமே மூச்சிரைப்பு வராமல் காக்கும். தறிக்கூடத்துக்குச் செல்லும்போதும், ஆடித்தபசுக் கூட்டத்தில் நிற்கும்போதும் நிவாரண இன்ஹேலர் உங்கள் பையில் இருக்கட்டும். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். அதில் மருந்து மீதமுள்ளதா என்பதை இன்றே பாருங்கள்.